காதல் கட்டளை அன்று

 

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிப் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற தேவிகாபுரத்தில் குடியிருப்பவன் நான். நாள்தோறும் மாலையில் பேருந்தேறி, அண்டையிலுள்ள ஓர் ஊரின் மதரஸாவிற்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். அவ்வூரின் பெயரை இங்கே நான் குறிப்பிடப் போவதில்லை. காரணம் என்னவென்பது கட்டுரையைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள். ஃபர்ளு, வாஜிபு, சுன்னத்து, முபாஹ் ஆகியவற்றின் வேறுபாட்டைப் பெண் பிள்ளைகளுக்கு விளக்கிக் கொண்டிருந்தேன். எது கட்டாயக் கடமை, எது விட்டால் குற்றம், எது நம் விருப்பத்திற்கு விடப்பட்டது என்று எடுத்துக்காட்டுகளுடன் சொல்லி முடித்து, "ஐயம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். மேல்நிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிப்பவள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

"ஹஜ்ரத், ஒருவர் நம்மை நேசிக்கிறேன் என்று சொன்னால், நாமும் அவரை நேசிப்பது ஃபர்ளா?"

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. எனக்கோ முகம் சிவந்துவிட்டது. "இது என்ன கேள்வி? கிதாபைத் திற!" என்று அதட்டி அமர்த்திவிட்டேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பின் நான்கு நாட்கள் அவள் மதரஸாவிற்கு வரவில்லை.

வாசக அன்பர்களே! இருபது ஆண்டுக் காலம் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். என் வாழ்நாளில் மாணவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுள் அதைவிடச் சிறந்த ஒன்றை நான் கேட்டதில்லை. அதற்குத்தான் நான் பதில் சொல்லாமல் வாயடைத்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்கு நான் தர வேண்டியிருந்த பதில்.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை அச்சம்?

நம் இல்லங்களில் 'காதல்' என்னும் சொல் உரக்க உச்சரிக்கப்படுவதில்லை. 'பாசம்' என்போம், 'பிரியம்' என்போம், 'முஹப்பத்' என்று கூடச் சொல்வோம். காதல் என்றால் மட்டும் வானொலியின் ஒலியைக் குறைப்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கொள்கிறோம். விளைவு என்ன? நாம் சொல்லித் தராத பாடத்தைத் திரைப்படம் சொல்லித் தருகிறது. வேண்டாம் என்கிற பெண்ணைத் தெருத்தெருவாகத் தொடர்ந்தால் இறுதியில் அவள் இசைந்துவிடுவாள் என்பதே அந்தப் பாடம். ஆண் பிள்ளை அதைக் கண்டு துணிவு பெறுகிறான். பெண் பிள்ளையோ, 'ஒருவேளை இசைவதுதான் என் கடமையோ?' என்று குழம்புகிறாள்.

நம் முன்னோர்கள் இச்சொல்லுக்கு அஞ்சியவர்கள் அல்லர். கி.பி. 994இல் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் பிறந்த இமாம் இப்னு ஹஸ்ம் பெரும் சட்ட மேதை. அவரே காதலின் இயல்பு, அதன் அடையாளங்கள், அதன் துயரங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து 'தவ்குல் ஹமாமா' என்று ஒரு நூல் எழுதினார். 'புறாவின் கழுத்து வளையம்' என்பது அதன் பொருள். 1350இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் 'காதலர் பூங்கா' எனப் பொருள்படும் 'ரவ்ளத்துல் முஹிப்பீன்' நூலை இயற்றினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா' நாற்பது பாகங்களைக் கொண்டது. அவற்றுள் முப்பத்தாறாவது பாகம் முழுவதும் அன்பைப் பற்றியதே.

நம் செந்தமிழ் நாட்டிலும் அப்படித்தான். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில், அன்னை கதீஜா (ரலி) அவர்கள் கண்ட கனவிற்கென ஒரு படலமும், மணவிழாவிற்கென ஒரு படலமும் வகுத்துப் பாடினார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இன்னும் ஒரு படி மேலே சென்றார். இறைவனையே 'மனோன்மணி' என்னும் காதலியாக உருவகித்துக் கண்ணிகள் பாடினார். தொழுகையிலும் தவத்திலும் திளைத்த ஒரு துறவிக்குக் காதல் என்னும் சொல் தகாததாகத் தோன்றவில்லை. அதைவிட உயர்ந்த சொல் அவருக்குக் கிடைக்கவும் இல்லை.

அவர்கள் அஞ்சாமல் பேசியதால்தான் எது காதல், எது காதலின் வேடம் என்று பிரித்தறிய அவர்களால் முடிந்தது. பேசாமல் மூடி வைத்த நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

மதீனா வீதியில் ஒரு கண்ணீர்

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அதற்குரிய விடை ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நானே பலமுறை ஓதிக் கொடுத்த ஹதீஸ்தான். எனினும் அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

மதீனாவில் பரீரா (ரலி) என்றொரு பெண்மணி அடிமையாக இருந்தார். முகீத் என்னும் அடிமை அவருடைய கணவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பரீராவை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். அடிமைத்தளையில் இருந்தபோது அமைந்த மணவாழ்வைத் தொடர்வதா, விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை, விடுதலை பெற்ற பெண்ணுக்கு வழங்கப்பட்டது. பரீரா (ரலி) பிரிவதைத் தேர்ந்தெடுத்தார்.

முகீத் அவர்களால் அதைத் தாங்க இயலவில்லை. மதீனத்துத் தெருக்களில் பரீராவின் பின்னே அழுதவண்ணம் நடந்தார். கண்ணீர் வழிந்து அவருடைய தாடியை நனைத்தது என்று, அக்காட்சியை இன்னும் கண்முன் காண்பவரைப்போல் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் அதைக் கண்டார்கள். முகீதின் நேசத்தையும் பரீராவின் வெறுப்பையும் எண்ணி வியப்பாக இல்லையா என்று தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள்.

பின்னர் பரீராவிடம், முகீதிடம் திரும்பிச் சென்றால் என்ன என்று எடுத்துச் சொன்னார்கள். அப்போது பரீரா (ரலி) கேட்ட ஒரு கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். இது தங்கள் கட்டளையா என்று அவர் கேட்டார். பெருமானார் அவர்கள், கட்டளை அன்று, பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியாயின் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா (ரலி) கூறிவிட்டார். பேச்சு அத்துடன் முடிந்தது.

சிந்தித்துப் பாருங்கள் அன்பர்களே! பரிந்துரைப்பவர் யார்? உலகிற்கோர் அருட்கொடையாக வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள். மறுப்பவர் யார்? நேற்று வரை அடிமையாக இருந்த ஓர் ஏழைப் பெண். முகீதின் நேசம் பொய்யா? இல்லை, அவருடைய கண்ணீரே சாட்சி. அந்த மறுப்புக்காகப் பெருமானார் பரீராவைக் கடிந்துகொள்ளவில்லை. 'கல்நெஞ்சக்காரி' என்று ஊர் அவரைத் தூற்றியதாகவும் செய்தி இல்லை. அவருடைய மறுமொழி மார்க்கச் சட்டத்தில் ஓர் ஆதாரமாகவே நிலைபெற்றது.

ஆக, நேசிப்பவருக்கு நேசம் திருப்பித் தருவது ஃபர்ளு அன்று; வாஜிபும் அன்று. பெருமானாரே கட்டளையாக்காத ஒன்றைக் கட்டளையாக்க நாம் யார்?

முகீத் அவர்களையும் நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவர் அழுதார், ஆனால் மிரட்டவில்லை. ஆற்றாமையால் நடந்தார், ஆனால் கைநீட்டவில்லை. பரீராவின் மறுப்பு இறுதியானபோது அதற்கு எதிராக அவர் ஏதும் செய்ததாக நாம் படிக்கவில்லை. கிடைக்காத காதலையும் ஒருவர் மாண்புடன் சுமக்கலாம் என்பதற்கு அவர் ஒரு பாடம்.

தொல்காப்பியர் வகுத்த எல்லை

கல்லூரியில் நான் பயின்றது தமிழ் இலக்கியம். அந்நாளில் படித்த அகத்திணை இலக்கணம் இந்த ஹதீஸின் அருகில் வந்து நிற்பதைப் பிற்காலத்தில்தான் கண்டுகொண்டேன்.

தொல்காப்பியர் அகத்திணை ஏழு என்கிறார். முதலில் நிற்பது கைக்கிளை. இறுதியில் நிற்பது பெருந்திணை. இடையிலுள்ள குறிஞ்சி, முல்லை, பாலை, மருதம், நெய்தல் ஆகிய ஐந்தைத்தான் 'அன்பின் ஐந்திணை' என்று சான்றோர் போற்றினர். கைக்கிளை என்பது ஒருதலைக் காதல். பெருந்திணை என்பது பொருந்தாக் காமம். ஒருவர் உள்ளம் மட்டும் விரும்புவதையும், வரம்பு மீறி வலிந்து பெற முயல்வதையும் அன்பு என்னும் வட்டத்திற்கு வெளியே நிறுத்தியது தமிழ் மரபு.

அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அக்காலத்தில் விரும்பிய பெண்ணைப் பெறமுடியாத ஆடவன், பனைமடலால் குதிரை செய்து அதன்மேல் ஏறி ஊர்த்தெருவில் வருவது உண்டு. அது கண்டு ஊர் பழிக்கும். பெண் வீட்டார் பழிக்கு அஞ்சி இசைவர். இதற்கு மடலேறுதல் என்று பெயர். 'மடல் ஏறுவேன்' என்று ஏக்கத்தில் சொல்வது வரையில் ஐந்திணைக்குள் அடங்கும். உண்மையில் ஏறிவிட்டாலோ அது பெருந்திணை. சொல்லில் ஆற்றாமை இருக்கலாம்; செயலில் வற்புறுத்தல் வந்தவுடன் அது அன்பின் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது.

இன்றும் மடல் ஏறுகிறார்கள். பனைமடலுக்குப் பதிலாக இரு சக்கர வாகனம். ஊர்த்தெருவிற்குப் பதிலாகப் பேருந்து நிலையமும் பள்ளி வாசலும். 'ஊர் அறிந்துவிட்டது, இனி வேறு வழியில்லை' என்று பெண் வீட்டாரைத் தலைகுனிய வைக்கும் தந்திரம் மட்டும் மாறவில்லை.

பக்கத்து வீட்டுத் தறி

அந்த மாணவியை அதட்டிவிட்டு வந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் ஊரில் உறக்கம் வராதவனுக்குத் தறியோசை துணை. அடுத்த வீட்டில் ஒரு நெசவாளத் தம்பதியர். முகூர்த்த நாள் நெருங்கினால் இரவிலும் விளக்கெரியும். வாசலில் போய் நின்றேன்.

"என்ன பாய், தூக்கம் வரலையா? உள்ளே வாங்க" என்றார் அண்ணன். தறிக்குழியில் அவரும், பக்கவாட்டில் அவருடைய மனைவியும் அமர்ந்திருந்தனர்.

அன்று அவர்கள் நெய்துகொண்டிருந்தது கோர்வைச் சேலை. நாள்தோறும் பட்டு உடுத்திய மணமக்களைப் பார்க்கும் நம்மில் பலருக்கு அதன் நுட்பம் தெரியாது. சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். ஒரே நாடாவைக் கரையிலிருந்து கரைக்கு ஓட்டினால், உடலின் நிறம் கரையில் ஏறிக் கரையின் நிறம் மங்கிவிடும். ஆகவே உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவருடைய இரண்டு கைகள் அதற்குப் போதா. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கரையின் இழையும் உடலின் இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. கோத்துக்கொள்வதால் அது கோர்வை.

"வேலை மெதுவாத்தான் போகும் பாய். ஆனா கரை கரையாவே இருக்கும், உடம்பு உடம்பாவே இருக்கும். இழுத்தாலும் பிரியாது" என்றார் அண்ணன்.

"இவரு அவசரப்பட்டு ஓட்டினா நான் நாடாவைத் தர மாட்டேன். அப்புறம் எப்படி ஓடும்?" என்றார் அண்ணி, தலை நிமிராமலே. இருவரும் சிரித்தனர்.

எனக்கு வேண்டிய விளக்கம் அங்கேயே கிடைத்துவிட்டது. ஒருவர் மட்டும் நாடாவை எறிந்துகொண்டே இருந்தால் சேலை ஆகாது. மறுபக்கத்திலிருந்து ஒரு கை தன் விருப்பத்தோடு அதை வாங்கித் திருப்பித் தர வேண்டும். அந்தக் கை மறுத்தால் எவ்வளவு வேகமாக எறிந்தும் பயனில்லை. அப்படி இணைந்த பின்னரும் ஒன்றின் நிறம் மற்றொன்றை விழுங்குவதில்லை. 'உன்னை நேசிக்கிறேன், ஆகவே நீ என் நிறமாகிவிடு' என்பது காதல் ஆகாது.

அந்தப் பிள்ளை ஏன் கேட்டாள்?

ஐந்தாம் நாள் என் துணைவியார் செய்தி கொண்டு வந்தார். பெண்கள் வழியே வரும் செய்தி நம்மைவிட விரைவாக வரும்.

அந்தப் பெண் பள்ளிக்குச் செல்லும் வழியில், அதே மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் பல மாதங்களாகப் பின்தொடர்ந்திருக்கிறார். வசதியான குடும்பம். கடிதங்கள் கொடுத்தார், அவள் வாங்கவில்லை. ஒரு நாள் பேருந்தில் எல்லோர் முன்னிலையிலும் அவளுடைய பெயரைச் சொல்லி அழுதார். செய்தி ஊரில் பரவியது. பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் அந்தப் பெண். 'நீ என்ன செய்தாய், அவன் ஏன் உன்னைத் தொடர்ந்தான்?' என்று கேட்கப்பட்டவளும் அவளே. இறுதியில், 'பையன் உயிராக இருக்கிறான், நல்ல இடம், நிக்காஹ் செய்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும்' என்று பெரியவர்கள் முடிவுக்கு வந்துகொண்டிருந்தனர்.

அவள் என்னிடம் கேட்டது ஏட்டுக் கேள்வி அன்று. அவளுடைய வாழ்நாளைப் பற்றிய கேள்வி. அவள் நம்பிக் கேட்ட ஒரே மனிதனும் 'கிதாபைத் திற' என்று அதட்டிவிட்டான். அந்தக் கிதாபிலேயே பதில் இருந்தது என்பதுதான் என்னை மிகவும் வெட்கப்பட வைத்தது.

பெரியவர்கள் கூடிய அமர்வுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எழுதுவதற்கு ஒருவர் வேண்டுமே! நான் புகாரியின் பிரதியைக் கையோடு எடுத்துச் சென்றேன். பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை முழுவதும் வாசித்தேன். அத்துடன் கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் செய்தியையும் சொன்னேன். அவர் முன்னர் மணவாழ்வு கண்டவர். அவருடைய விருப்பத்திற்கு மாறாக அவர் தந்தை ஒருவருக்கு மணமுடித்து வைத்தார். அவர் பெருமானாரிடம் முறையிட்டார். பெருமானார் அந்த மணத்தைச் செல்லாது என்று ஆக்கினார்கள்.

பின்னர், "அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா?" என்று வினவினேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒரு முதியவர் மட்டும், "அவள் சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். "மணமுடித்துக் கொடுக்கும் வயது வந்துவிட்டது என்கிறீர்கள், 'வேண்டாம்' என்று சொல்லும் வயது மட்டும் வரவில்லையா?" என்று கேட்டேன். அவர் சினந்து எழுந்து போய்விட்டார். இன்று வரை என் ஸலாத்திற்கு அவர் பதில் சொல்வது முணுமுணுப்பாகவே இருக்கிறது.

நிக்காஹ் பேச்சு நின்றது. அந்தப் பிள்ளை மீண்டும் பள்ளிக்குச் செல்ல மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. அரையாண்டுத் தேர்வை அவள் எழுதவில்லை. அந்த இழப்பை நாங்கள் ஒருவரும் அவளுக்குத் திருப்பித் தர முடியவில்லை.

அந்த இளைஞரையும் தனியே சந்தித்தேன். "என் காதல் உண்மையானது ஹஜ்ரத்" என்றார், கண்கலங்கி. "முகீதுடையதும் உண்மையானதுதான் தம்பி" என்றேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அவருக்கும் நாம் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லையே!

அதட்டி அடக்கினால் தீராது

இதைச் சிறு விஷயம் என்று எண்ணாதீர்கள். 2012 நவம்பரில் காரைக்காலில், மணக்க மறுத்தார் என்பதற்காக ஓர் இளம் பொறியாளர் மீது ஒருவர் அமிலம் வீசினார். பார்வையிழந்த அப்பெண் 2013 பிப்ரவரியில் சென்னையில் உயிர் நீத்தார். வீசியவர் ஆயுள் தண்டனை பெற்றார். அவரும் தம்முடையதைக் 'காதல்' என்றே சொல்லிக் கொண்டிருந்தவர்தாம்.

அதே 2013இல் நாட்டின் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்ணின் விருப்பமின்றிப் பின்தொடர்வதும், அமிலம் வீசுவதும் தனித்தனிக் குற்றங்களாக அறிவிக்கப்பட்டன. அமில விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பின்தொடர்தல் 78ஆம் பிரிவிலும் அமில வீச்சு 124ஆம் பிரிவிலும் அடங்கும். நம் தமிழகத்தில் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராக 1998இலேயே தனிச் சட்டம் வந்தது. ஆகவே பின்தொடர்ந்து துன்புறுத்தப்படும் பெண், அஞ்சி வீட்டில் முடங்க வேண்டியதில்லை. சட்டத்தின் துணையை நாடுவது அவளுடைய உரிமை. பெற்றோர் அவளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவளுக்கு எதிரில் அல்ல.

ஆனால் சட்டம் வருவது தீங்கு நிகழ்ந்த பிறகு. அதற்கு முன்னரே வர வேண்டியது வளர்ப்பு. 'உனக்கு ஒருத்தியைப் பிடிக்கலாம். அவளுக்கு உன்னைப் பிடிக்காமல் இருக்கலாம். அதனால் நீ சிறுமைப்பட்டுவிடவில்லை' என்று எத்தனை தந்தையர் தம் மகனிடம் சொல்லியிருக்கிறோம்? கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்த பிள்ளைக்கு, முதன்முதலாக ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொல்லும்போது அச்சொல்லின் பொருளே விளங்குவதில்லை.

அப்படியாயின் காதல் எது?

இத்துணை நேரமும் எது காதல் அன்று என்று சொல்லி வந்தேன். எது காதல் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா?

திருமறையின் ரூம் அத்தியாயத்தில், 21ஆம் வசனத்தில், இறைவன் தம்பதியரிடையே இரண்டை ஏற்படுத்தியிருப்பதாகக் கூறுகிறான்: ஒன்று 'மவத்தத்', மற்றொன்று 'ரஹ்மத்'. முன்னது நேசம், பின்னது பரிவு. ஏன் இரண்டு என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. நேசம் பொங்கும், சில வேளை தணியும். நோயிலும் வறுமையிலும் முதுமையிலும் அது தணியும் நேரங்களில் இல்லத்தைத் தாங்கிப் பிடிப்பது பரிவு. இரண்டையும் இறைவன் தன் அத்தாட்சிகளுள் சேர்த்தான். எவருடைய வற்புறுத்தலாலும் அவை பிறப்பதில்லை.

அதற்கு அண்ணலாரின் இல்லறத்தைவிடச் சிறந்த சான்று ஏது? மணப்பேச்சைத் தொடங்கியவர் அன்னை கதீஜா (ரலி) அவர்களே. அவர் விரும்பினார், அண்ணலார் இசைந்தார்கள். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அந்த வாழ்வு நீடித்தது. அன்னையார் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஆடு அறுக்கும்போது கதீஜா (ரலி) அவர்களின் தோழியரைத் தேடி அவர்களுக்கு இறைச்சி அனுப்பி வைப்பார்கள் பெருமானார். ஒருமுறை அன்னையாரின் சகோதரி ஹாலா (ரலி) வாசலில் நின்று அனுமதி கேட்டபோது, அந்தக் குரலில் கதீஜாவின் சாயலைக் கேட்டு நெகிழ்ந்து போனார்கள். தாம் நேரில் காணாத கதீஜா மீது கொண்ட பொறாமையைப்போல் வேறெவர் மீதும் கொண்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

இதுவன்றோ காதல்! இனித் திரும்பப் பெறுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும், ஒருவருடைய தோழியரின் வீட்டுக்கு இறைச்சி கொடுத்தனுப்பும் கை அது. பெறுவதற்காகப் பிடிவாதம் பிடிக்கும் கை அன்று.

ஆகவே பெற்றோர்களே, இச்சொல்லை நம் இல்லத்திலிருந்து விரட்டாதீர்கள். விரட்டினால் அது தெருவில் போய் நிற்கும். உணவருந்தும் வேளையில் பரீராவின் கதையையும் கதீஜா அன்னையின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மகளின் மணத்திற்கு முன் அவளுடைய இசைவைச் சடங்காகக் கேட்காதீர்கள். 'வேண்டாம்' என்று சொன்னாலும் இந்த வீட்டில் அவளுக்கு இடமுண்டு என்று அவள் நம்பும்படி கேளுங்கள். இளைஞர்களே, உங்கள் நேசம் உண்மையென்றால் முறைப்படி பெரியவர்கள் வழியே ஒருமுறை கேளுங்கள். மறுமொழி எதுவாயினும் அதை மதியுங்கள். முகீத் (ரலி) அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

அந்தப் பிள்ளை மதரஸாவிற்குத் திரும்பி வந்த நாளில், வகுப்பு முழுவதற்கும் முன்னால் அவளுடைய கேள்வியை நானே கரும்பலகையில் எழுதினேன். "சில நாட்களுக்கு முன் இதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டது என் பிழை" என்றேன். பிறகு பதிலையும் எழுதினேன்: "ஃபர்ளு அன்று." யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் அனைவரும் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருந்தவள் எழுதி முடித்து, அதன் கீழே ஒரு கோடும் போட்டுக்கொண்டாள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் நேசத்தையும் பரிவையும் நிலைபெறச் செய்வானாக! நம் பிள்ளைகளின் கேள்விகளுக்குச் செவிசாய்க்கும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.